மங்கம்மாளுக்கு நான் விற்ற மெத்தை

என் பேரு நசருல்லா. திருப்பத்தூர்ல மெத்தைக் கடை வச்சிருக்கேன். கடைக்கு எதிர்லதான் மலை மேல இருக்கிற புதூர்நாட்டுக்குப் போற ஜீப்புங்க நிக்கும். ஜீப்பு ஹாரன்ல என் காது பாதி போச்சு, என் சொந்தக் கத்தல்ல மீதி போச்சுன்னு என் வூட்டுக்காரி பர்வீன் சொல்லுவா. வாஸ்தவம்தான். எனக்கு வாய் ஜாஸ்தி, கோவம் அதைவிட ஜாஸ்தி. அப்படிப்பட்டவன் இப்போ மங்கம்மாள்னு ஒரு மலைக்காரம்மாவைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன். அந்தம்மா எங்கிட்ட பேசின பேச்சு மொத்தத்தையும் சேர்த்தாலும் ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

அந்தம்மா பொறந்தது நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். கட்டிக்கொடுத்தது புதூர்நாட்டுல, மெயின் ரோட்டை விட்டு ரெண்டு மைல் உள்ள இருக்கிற ஒரு கொட்டாய்க்கு. சாமையும் கேழ்வரகும் வெளையுற கொல்லை, ஏழு புளியமரம், நாலு ஆடு. ஒரே பொண்ணு கலைவாணி, ஷூ கம்பெனி வேலைக்குக் கீழே எறங்கினவ, வாணியம்பாடியிலயே ஒரு பையனைக் கட்டிக்கினு தங்கிட்டா. புருஷன் பேரு தசரதன். மாசி, பங்குனியில புளி உலுக்கறதுக்கு அந்தச் சுத்துவட்டாரத்துல அவரைத்தான் கூப்பிடுவாங்களாம். மேல அவரு கெளைமேல நின்னு உலுக்க, கீழ இந்தம்மா கூடையோட நின்னு பொறுக்க, இருபத்தஞ்சு வருஷம் அப்படியே ஓடிச்சு. இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சது. மெத்தை விக்கும்போது ஒண்ணுமே தெரியாது.

போன வருஷம் வைகாசி. வெயில் மண்டையைப் பொளக்குது. கடைக்குள்ள வந்து நின்னுது அந்தம்மா. கையில ஒரு கயிறு. கயித்துல நாலு எடத்துல முடிச்சு.

"மெத்தை வேணும் பாய்."

"குந்தும்மா. யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு."

மெத்தைன்னா எடுத்தவுடனே வெலை சொல்ற ஆள் நானில்ல. படுக்கறது யாரு, எப்படிப் படுப்பாங்க, எங்க போடப்போறாங்கன்னு கேட்டுத்தான் குடுப்பேன். ஒருக்களிச்சுப் படுக்கறவனுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ள அமுங்கணும். குப்புறப் படுக்கறவனுக்கு மெத்துனு குடுத்தா முதுகு வளைஞ்சு போயிடும். சின்ன ரூம்ல டபுள் மெத்தையைத் திணிச்சா நடக்கறதுக்கு வழி இருக்காது. இதையெல்லாம் கேக்காம விக்கறவன் வியாபாரியே இல்லன்னு நானே மார்தட்டிக்குவேன். அன்னிக்கும் கேட்டேன்.

"கட்டில்லயா தரையிலயா?"

"தரையில பாய்."

"எடம் எவ்ளோ?"

கயித்தை நீட்டிக் காட்டுச்சு. முதல் முடிச்சு வரைக்கும் வாசக்கால் அகலம். ரெண்டாவது, சாமை கொட்டி வைக்கிற குதிருக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற எடம். மூணாவது அவரு ஒசரம். நாலாவது அந்த எடத்தோட நீளம். என் முப்பது வருஷ வியாபாரத்துல இவ்ளோ சுத்தமா அளவு கொண்டாந்தவங்க யாரும் கெடையாது. பர்வீனைக் கூப்ட்டுக் காட்டினேன். "பாரு, டேப்பு வச்சிருக்கிற இஞ்சினீருங்க கூட அரை அடி தப்பாத்தான் சொல்றானுங்க" அப்டின்னேன்.

"எப்படிம்மா படுப்பாரு?"

"மல்லாந்துதான்."

"ராத்திரியில பொரளுவாரா?"

"பொரளமாட்டாரு பாய்."

"கொஞ்சம் கூடவா?"

"கொஞ்சம் கூட இல்ல."

நான் சிரிச்சேன். அல்லா மேல சத்தியமா, வாய்விட்டுச் சிரிச்சேன். "குடுத்து வச்ச மனுஷன்மா உன் வூட்டுக்காரரு. எனக்கெல்லாம் ஒரு ராத்திரிக்கு நாப்பது பொரளல். எங்க வூட்டம்மா பாதி ராத்திரி தரையில போயிப் படுத்துக்கும்" அப்டின்னேன். அந்தம்மாவும் லேசா சிரிச்சுது. 

பொரளாத ஆளு, மல்லாந்து படுக்கறவரு, வேற வலி கிலி ஒண்ணும் சொல்லல. மெத்துனு ஆறு இஞ்சு ஃபோம் மெத்தையை எடுத்துப் போட்டேன். கையை வச்சு அமுக்கிப் பாத்துது. கை உள்ள போயி மெதுவா வெளிய வந்துது. "இதான் பாய்" அப்டின்னுது. டிரைவர் மோகன் அதை ஜீப்பு மேல கயிறு போட்டுக் கட்டும்போது நானே ரோட்டுக்கு எறங்கிப் போய்ச் சொன்னேன்: "பிளாஸ்டிக் கவரைக் கழட்டாதேம்மா. உங்க மலையில பனியும் ஈரமும் ஜாஸ்தி. கவரோடயே போட்டு மேல ஒரு துப்பட்டி விரிச்சுடு. பத்து வருஷம் வரும்." யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்.

ஆடி மாசம் திரும்பி வந்துது. வாசப்படியில செருப்பை விட்டுட்டு நின்னுகினே இருந்துது. கடையில ஒரு கல்யாண வூட்டுக்காரங்க கும்பலா வந்து பாத்துக்கினு இருந்தாங்க.

"பாய், கொஞ்சம் கெட்டியா வேற மெத்தை இருக்குதா? அது நாத்தம் வருது."

எனக்கு சுர்ருனு ஏறிச்சு. ரெண்டு மாசம் படுத்துட்டு மாத்திக் குடுன்னு வந்திருக்குதுன்னு நெனைச்சேன். "ஏம்மா, படுத்த மெத்தையைத் திருப்பி எடுக்க நான் இன்னா கேனையனா? நாத்தம் வருதுன்னா உன் வூட்டுல எதையாவது கொட்டியிருப்பீங்க" அப்டின்னு கடை அதிரக் கத்தினேன். கும்பல் முழுக்க திரும்பிப் பாத்துது.

அந்தம்மா தலையைக் குனிஞ்சுகினு சொல்லுச்சு. "திருப்பி எடுக்க வேணாம் பாய். அவரு முதுகுல புண்ணு வச்சிடுச்சு. நெஞ்சுக்குக் கீழ அவருக்கு உணர்வு இல்ல. மாசியில மரத்துலேருந்து வுழுந்துட்டாரு."

 நான் ஸ்டூல்ல குந்திட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கத்தத்தான் செஞ்சேன், எனக்கு வேற இன்னா தெரியும். "இத்தை அன்னிக்கே சொல்லியிருக்கணுமா வேணாமா? பொரளமாட்டாருன்னியே, பொரள முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் அந்த மெத்தையைத் தொட்டிருப்பேனா?"

"புதுச் சாமான் வாங்கும்போது நோவுப் பேச்சு எடுக்கக்கூடாது பாய். எங்க வூட்டுல அப்படித்தான். நோவைச் சொல்லி வாங்கினா அதுவும் கூடவே வூட்டுக்குள்ள வந்து குந்திக்கும். ஆஸ்பத்திரியில நல்ல மெத்தையா போடுங்கன்னாங்க. நல்லா ஆயிடுவாருன்னு நெனைச்சுதான் வாயைத் தெறக்கல."

எந்த மடையன் சொன்னான் இப்படின்னு கேக்க வாயைத் தெறந்தேன். பர்வீன் என்னைப் பாத்தா. "உங்க கல்லாவுல தாயத்து வச்சிருக்கிறது யாருங்க?" அப்டின்னா. வாயை மூடிக்கினேன்.

பர்வீன்தான் சொன்னா, இதுக்குக் காத்து மெத்தை வேணும்னு. அவ அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப அதைத்தான் போட்டோம். சின்னச் சின்னக் குழாயா இருக்கும், மோட்டாரு காத்தை ஒரு வரிசைக்கு அடிக்கும், அடுத்த வரிசையில எடுக்கும், ஒடம்பு ஒரே எடத்துல அமுங்கிக் கெடக்காது. பரண்லேருந்து அதை எறக்கித் தொடைச்சு, கடையைப் பூட்டிட்டு, அந்தம்மாவோடயே நானும் ஜீப்புல ஏறினேன். ஒன்றரை மணி நேரம் ஏத்தம். வழி முழுக்க அந்தம்மா ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. மோகனே பயந்து போயி என் மூஞ்சியை ரெண்டு வாட்டி திரும்பிப் பாத்தான்.

வூட்டுக்குள்ள குனிஞ்சு போனேன். ஊர் நர்சு மஞ்சுளா புண்ணுக்கு மருந்து வச்சுக்கினு இருந்தாங்க. அதை நான் பாத்தேன். எப்படி இருந்துதுன்னு சொல்லமாட்டேன். அந்த மெத்தை மேல நான் சொன்ன மாதிரியே பிளாஸ்டிக் கவரு பத்திரமா இருந்துது, ஒரு ஓரம் கூட கிழியல. கவருக்கும் துப்பட்டிக்கும் நடுவுல வேர்வையும் ஈரமும் ஊறிக் கெடந்துது.

"இந்த பிளாஸ்டிக்கோட படுக்க வைக்கச் சொன்ன அறிவாளி யாரு?" மஞ்சுளா கேட்டாங்க. நல்ல கோவம். "காத்தே போகாம அவிஞ்சு போயிருக்குது. ஒரே எடத்துல அமுங்கினதுல ரத்தமும் ஓடல. யாரு சொன்னது?"

மங்கம்மாள் என்னை ஒரு தரம் பாத்துது. அப்புறம், "எங்களுக்குத்தான் தெரியல மேடம்" அப்டின்னுது.

நான்தான்னு சொல்லியிருக்கணும். ஊர் முழுக்கக் கத்துற வாயி, அன்னிக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வரல. சுவத்தைப் பாத்துக்கினு நின்னேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

படுத்திருந்த தசரதன் என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாரு. "பாய் நீங்கதானா? மெத்தை ஷோக்கா இருக்குது பாய். பொறந்ததுலேருந்து வெறும் தரையிலதான் படுத்தேன். இப்போதான் ராஜா மாதிரி கெடக்குறேன்." கிண்டலுக்குச் சொல்லல. நெஜமாவே சொன்னாரு. அவருக்குத்தான் முதுகுல புண்ணு இருக்கறதே தெரியாதே.

ஜீப்பு ஏறும்போதுதான் மங்கம்மாகிட்ட சொன்னேன், கவரைக் கழட்டாதேன்னு நான்தானே சொன்னேன்னு. "தெரியும் பாய். நீங்க சொன்னதும் இருக்குது, நான் சொல்லாததும் இருக்குது" அப்டின்னுது. அதுக்கு மேல அதைப் பத்தி அந்தம்மா கடைசி வரைக்கும் பேசவே இல்ல.

காத்து மெத்தை போட்டு மூணாவது நாள் நானே போன் பண்ணேன். எப்படி இருக்காருன்னு கேட்டேன்.

"மோட்டாரை நிறுத்திட்டேன் பாய்."

"கரண்டு இல்லியா?"

"கரண்டு இருக்குது. அவருக்குத்தான் முடியல. மெத்தை ஏறி எறங்குது இல்ல, கெளை ஆடுதுன்னு கத்தறாரு. புடி புடின்னு என் கையை நசுக்கறாரு. மூணு நாளா கண்ணு மூடல, ஒரு வாய்க் கஞ்சி எறங்கல. இப்பவும் மரத்துமேல நிக்கற மாதிரியே இருக்குதாம்."

நான் பேசினது தப்பு. ஆனா பேசினேன். "பைத்தியமா உனக்கு? அவரு பயப்படறாருன்னு நிறுத்துவியா? மறுபடியும் அந்தப் பழைய மெத்தையில போட்டா புண்ணு பெருசாகும். புண்ணு பெருசானா ஆளு செத்துப்போவாரும்மா!"

 அந்தப் பக்கம் ஆடு கத்தறது கேட்டுது. 

"அந்த மோட்டாரு இன்னா பண்ணுது பாய்?"

"இன்னா பண்ணுதுன்னா, ஒரே பக்கம் அமுங்க வுடாம மாத்துது."

"அத்த நான் பண்றேன்."

மஞ்சுளாவைக் கேட்டிருக்குது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி எடது பக்கம், வலது பக்கம், மல்லாக்கன்னு திருப்பிப் போடணும், ஒருவாட்டி கூட தவறக்கூடாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. சரின்னுட்டுது. நான் நாலு இஞ்சு தேங்கா நார் மெத்தை, ஒத்த ஆள் படுக்கிற அளவு, பருத்தித் துணி உறை தைச்சு அனுப்பினேன். முட்டிக்கு நடுவுல, குதிகாலுக்கு அடியில, முதுகுக்கு முட்டுக்குடுக்கன்னு எலவம்பஞ்சுத் தலகாணி அஞ்சு. எந்தத் தலகாணி எங்கன்னு பர்வீன் ஒவ்வொண்ணுலயும் வேற வேற கலர் நூல்ல தைச்சுக் குடுத்தா. சரியான மெத்தையைக் கடைசியில குடுத்துட்டேன். ரெண்டு மாசம் லேட்டு.

அன்னையிலேருந்து அந்தம்மா பொழப்பு ரெண்டு மணி நேரம், ரெண்டு மணி நேரமா ஆயிடுச்சு. கொல்லையில களை எடுக்கும், பாதியில போட்டுட்டு ஓடிவந்து திருப்பும், மறுபடியும் ஓடும். தூரத்துக் கொல்லையைக் கொழுந்தனுக்கு வுட்டுடுச்சு, போயிட்டு வர நேரம் பத்தாதுன்னு. வேற யாராவது திருப்பட்டுமேன்னு நான் கேட்டேன். ஓரகத்தி ஜெயம்மாள் ஒருவாட்டி திருப்பப் போனா, வுழறேன் வுழறேன்னு அவரு அலறியிருக்காரு. இந்தம்மா கை பட்டாத்தான் அவருக்கு பயம் இல்லியாம். கீழ கூடையோட நின்னவ கை இல்லியா.

மலையை வுட்டு எறங்கறதே நின்னுபோச்சு. எப்படி எறங்கறது? எங்க கடைக்கு வரவே ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். ஐப்பசியில கலைவாணிக்குப் பொண்ணு பொறந்துது, வாணியம்பாடியில. மொதப் பேரக்குழந்தை. போயிப் பாக்கல. பர்வீன் ஆஸ்பத்திரிக்குப் போயி போன்ல படம் புடிச்சு மோகன்கிட்ட குடுத்தனுப்பினா, மோகன் வாசல்ல நின்னு காட்டினானாம். படத்தைப் பாத்துட்டு, "மூக்கு அவரு மூக்கு" அப்டின்னுட்டு, நேரமாச்சுன்னு உள்ள போயிடுச்சாம்.

தீவாளிக்கு வரல. தேவயானின்னு அண்ணன் பொண்ணு, அவ கல்யாணத்துக்கும் போகல. ஆனா ஜீப்புல சேதி வரும். மோகன் கடையில வந்து குந்தினா மொதல்ல நான் கேக்கறது அதான். ஆவணியில, புண்ணு அப்படியே இருக்குதாம். பொரட்டாசியில, அழுகல் நின்னு செவப்பா சதை வருதாம். கார்த்திகையில, பழைய அம்பது பைசா அளவுதான் இருக்குதாம். அன்னிக்கு நான் மோகனுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தேன். ஜும்மா தொழுகையில அந்த மனுஷனுக்காக துவா கேட்டேன், கூடவே எனக்காகவும் கேட்டேன்.

மார்கழியில மஞ்சுளாவே போன் பண்ணாங்க. "பாய், புண்ணு மூடிக்கிச்சு. என் சர்வீஸ்ல வூட்டுல வச்சு இவ்ளோ பெரிய புண்ணை ஆத்தினவங்க யாரையும் நான் பாக்கல" அப்டின்னாங்க. நான் போனைப் புடிச்சுகினு அழுதுட்டேன். கடையில இருந்தவங்க யாரோ செத்துட்டாங்கன்னு நெனைச்சு எழுந்து நின்னாங்க.

அதுக்கப்புறம் பொங்கல் வேலை, கல்யாண சீசன், தலைகால் புரியல. மோகனும் புதுசா வேற ரூட்டுல ஓட்டப் போயிட்டான். ஒரு மூணு வாரம் நான் கேக்கல. புண்ணு ஆறிடுச்சே, இனிமே இன்னான்னு இருந்துட்டேன்.

தை கடைசியில ஒரு நாளு, காலையில பதினோரு மணி இருக்கும். எலவம்பஞ்சை எடை போட்டுக்கினு இருந்தேன். நிமுந்து பாத்தா ரோட்டுக்கு அந்தாண்ட, ஜீப்புலேருந்து எறங்கி மங்கம்மாள் நிக்குது.

ஒண்ணும் சொல்லவேண்டியதில்ல. அந்தம்மா கீழ எறங்கி வந்து நிக்குதுன்னாலே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பஞ்சை அப்படியே போட்டுட்டு பர்வீனைக் கூப்ட்டேன்.

பர்வீன் கையைப் புடிச்சு உள்ள கூட்டியாந்து குந்த வச்சா.  அந்தம்மாவே சொல்லுச்சு. "பனியில சளி புடிச்சுது பாய். நெஞ்சுல கட்டிக்கிச்சு. நாலு நாளு சொரம். ஆஸ்பத்திரிக்கு ஜீப்பு வர்றதுக்குள்ள போயிட்டாரு. பதினாறு நாளாச்சு."

"புண்ணு..." அப்டின்னு ஆரம்பிச்சேன். 

"புண்ணு ஆறிடுச்சே பாய். குளிப்பாட்டும்போது முதுகை எல்லாருக்கும் காட்டினேன். ஒரு கீறல் இல்ல. சுத்தமாத்தான் அனுப்பி வச்சேன்."

அந்த நிமிஷம் என் மனசுல வந்த மொத நெனப்பு இன்னா தெரியுமா? அப்பாடா, என் மெத்தையால சாகல. அதான் வந்துது. அந்தம்மா எதிர்ல தாலியில்லாம குந்தியிருக்குது, எனக்கு அப்பாடான்னு இருந்துது. இதைப் பர்வீன்கிட்ட கூட நான் சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்றேன்.

அந்தம்மா எதுக்கு வந்துதுன்னு நான் கேக்கல, அதுவும் சொல்லல. அதுகிட்ட ஒரு மூட்டையும் இல்ல, கூடையும் இல்ல. பர்வீன் நாஷ்டா வச்சா, ரெண்டு இட்லி சாப்ட்டுது. வாணியம்பாடிக்குப் போயி பேத்தியைப் பாருங்க, பஸ் ஏத்தி வுடறேன்னா. "பாக்கணும்" அப்டின்னுது, எழுந்துக்கல. கடைக்கு வர்றவங்க மெத்தையை அமுக்கிப் பாக்கறதையும், படுத்துப் பாக்கறதையும், வெலை பேசறதையும் பாத்துக்கினே குந்தியிருந்துது.

பன்னெண்டரைக்கு புதூர்நாட்டு ஜீப்பு ஹாரன் அடிச்சுது. "ஜீப்பு கெளம்புதும்மா" அப்டின்னேன்.

"போகட்டும் பாய். அடுத்ததுல போறேன்."

ரெண்டரைக்கு அடுத்தது கெளம்புச்சு. நான் சொல்லல. அதுவே ஹாரனைக் கேட்டு ரோட்டைப் பாத்துது. ஜீப்பு திரும்பிப் போற வரைக்கும் பாத்துட்டு, கையை மடியில வச்சுக்கினு, "வூட்டுல இன்னா வேலை பாய் எனக்கு? எப்போ போனா இன்னா?" அப்டின்னுது. அப்போதான் அழுதுது. சத்தம் போட்டு, சின்னக் கொழந்தை மாதிரி அழுதுது. பர்வீன் கட்டிப் புடிச்சுக்கினா.

நான் கடை ஷட்டரைப் பாதி எறக்கி வுட்டுட்டு, வந்தவங்களை நாளைக்கு வாங்கன்னு அனுப்பினேன். நாலு மணி ஜீப்பும் போயிடுச்சு.